ஆறாம் எண் கட்டில்

நித்திய வார்த்தைப்பாட்டன்று
தரையில் முகம் பதியக் கிடந்தேன்.
மன்றாட்டுமாலையில் புனிதர்கள்
ஒவ்வொருவராய் வந்துகொண்டிருக்க
எனக்கு ஃபினாயில் வாசனைதான் வந்தது.
இன்றோடு உனக்கு நீ இறந்தாய் என்றார் ஆயர்.

எங்கே இறந்தேன்?
முப்பத்தொரு வருடம் கழித்தும்
மஞ்சக்குப்பம் இல்லத்தில்
யாராவது என் டம்ளரை எடுத்துவிட்டால்
முகம் சுருங்குகிறது.

ஆறாம் எண் கட்டிலில் தனவேலு.
தேவனாம்பட்டினத்தில் படகு எஞ்சின் பார்த்தவர்.
பக்கவாதம் பாதி உடம்பையும்
ஊரையும் உறவையும் வாரிக்கொண்டு போக
ஒரே ஒரு பெயர் மிச்சம்.
இரவு மூன்று மணிக்கு அதைக் கூப்பிடுவார்:
சுலோச்சனா.

'நான் சிஸ்டர் அமலோற்பவம்' என்று
ஒரு மாதம் திருத்திப் பார்த்தேன்.
அதுவும்தான் என் பெயரில்லை,
வீட்டில் வைத்தது வேறு.

நேற்று ராத்திரி ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
காற்றில் சிப்காட் நெடி. முழங்காலில் வலி.
எரிச்சலோடுதான் போனேன், மறைப்பானேன்.
நனைந்த துணியை உருவிக்கொண்டிருக்கையில்
கேட்டார்:
'சுலோச்சனா, இன்னும் கோவமா?'

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல்.
மூன்றில் எது இதற்கு வழி சொல்லும்?
கை மட்டும் நிற்காமல் துடைத்தது.

'இல்லைங்க.'

அவர் தூங்கிப்போனார்.
காலைச் செபத்துக்கு இன்னும் நேரமிருந்தது.
சொன்னது யார் என்று
நடைவழியில் கொஞ்சம் தேடினேன்.
குழாயில் தண்ணீர் வந்திருந்தது.
காலி வாளியை அதன் கீழே வைத்து
நின்றேன்.