கொரேரா பேசுகிறேன்

ஐரோலி, ஒன்பதாம் மாடி, இரவு இரண்டரை.
பெருவில் அப்போது மாலை நாலு மணி.
"வணக்கம், கொரேரா பேசுகிறேன்"
என்கிறேன் அவர்கள் மொழியில்.
அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி.
பிறகு வழக்கமான கேள்வி:
நீங்கள் எங்கள் ஊர்க்காரரா?

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும்.
விளக்கத்தான் நேரமில்லை.
ஒரு அழைப்புக்கு ஏழு நிமிடம் கணக்கு,
என் பெயர் வந்த வழியோ
ஐந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தூத்துக்குடிக் கடலில் கப்பல் வந்தது.
முத்துக் குளித்தவர்கள் தலையில் தண்ணீர் தெளித்து
பெயரையும் வைத்துவிட்டுப் போனது.
அது போர்த்துக்கல் கப்பல்.
ஸ்பெயின் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்.
வேலைக்கு எடுத்த அம்மணி கேட்டார், "கோவாவா?"
"தூத்துக்குடி. பிறந்தது ஆன்டாப்ஹில்."
படிவத்தில் கோவா என்றே எழுதிக்கொண்டார்.

தாதரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
முதல் நாள் பலகையில்: மேசா.
மேசை.
அர்மாரியோ.
அலமாரி.
தோவாயா.
பின்வரிசையில் நான் மட்டும் சிரித்தேன்.
எங்கள் வீட்டுச் சாமானை எங்களுக்கே காட்டி
மாதம் நாலாயிரம் கேட்கிறார்களே.
சாவி மட்டும் கொஞ்சம் உரசியது: யாவே.
பூட்டு அதேதான், பல் வேறு.

பெரோ என்றால் ஆனால்.
பெறோ என்றால் நாய்.
தில்லிப் பையன் ஒருவன் மூன்று மாதம்
எல்லா வாக்கியத்திலும் நடுவில் ஒரு நாயை விட்டான்.
எனக்குச் சின்ன ர, பெரிய ற
மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
முட்டி போடவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆங்கில வரிசையில் இருக்கும் பிரணாலிக்கு
உலகத்தில் எல்லோரும் ஒரே 'யூ'.
எனக்கு உஸ்தேத், தூ.
நீங்கள், நீ.
ஒருவர் நீங்களிலிருந்து நீக்கு இறங்கும் படி
எனக்குக் காலிலேயே தெரியும்.
சிலர் கோபத்தில் இறங்குவார்கள்,
சிலர் களைத்துப்போய்.
இதற்கெல்லாம் மொழிப்படி
மாதம் பதினோராயிரம், வரி போக.

இன்று எலெயுத்தேரியோ, சிம்போத்தே துறைமுகம்.
மோட்டார் ஓடுகிறது, சலவைத் தொட்டி சுற்றவில்லை.
மீன்மாவு ஆலைச் சட்டை ஆறு
நுரையோடு உள்ளே ஊறுகிறது.
"அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியாது, அம்மணி."
தெரியும் என்றேன்.
சசூன் டாக்கில் ஐஸ் உடைத்த அப்பாவின் சட்டை
இருபது வருஷம்
என் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் காய்ந்தது.
பக்கத்துப் பெஞ்சு தள்ளி உட்கார்ந்தது.

அறுந்திருந்தது பெல்ட்.
அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் கொரேயா.
"கொரேயா அறுந்தால்
கொரேராவே லைனில் வந்துவிடுவாயா, மகளே?"
சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.
கவனித்தேன்,
படி இறங்கியாயிற்று.

உத்தரவாதம் முடிந்து ஒன்பது நாள்.
போன மாதம்தான் என்னைக் குழுத்தலைவி ஆக்கினார்கள்.
நாற்காலி அதே நாற்காலி,
திரையில் மட்டும் ஒரு பொத்தான் கூடுதல்: நீட்டிக்க.
அமுக்கினேன்.

எழுதித் தந்திருக்கும் கடைசி வசனம்:
நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.
நோசோத்ரோஸ்.
நாமும் நாங்களும் அங்கே ஒரே சட்டைக்குள்.
கம்பெனி நினைத்தது நாங்கள்.
நான் சொன்னது நாம்.
சிம்போத்தேயில் அந்த வித்தியாசம் கேட்டிருக்க வழியில்லை,
என்றாலும் சொல்லிவிட்டு வைத்தேன்.

பதினாறு நிமிடம். திரை சிவந்துவிட்டது.
தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம்.
தொழில்நுட்பம். இணைப்புக் கோளாறு. மொழிச் சிக்கல். பிற.
'பிற'வைத் தொட்டதும்
எழுத இடம் திறந்தது.
ஆறு சட்டை என்று எழுதினேன்.

கீழே இறங்கினால்
கேண்டீனில் வடாபாவ் தீர்ந்துவிட்டது.