நூற்று நாற்பத்து நான்காவது கட்டம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்
முகத்தோடு சேர்ந்து முன்னால் கவிழும்.
சக்கரம், சட்டம், ஸ்டியரிங் பெட்டி எல்லாம் வெளியே.
வெட்கமே இல்லாத வண்டி.
முன் டயர் மேல் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன்,
பேன்ட்டில் எப்போதும் பாதி வட்டம் கறுப்பு.

அறுபத்தெட்டு மாடல். தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சிசி.
ஏலத்தில் எடுத்தவர் எத்திராஜ்,
துறைமுகத்துக்கு நாற்பதடிப் பெட்டி இழுக்கிறவர்.
"நாள் பூரா ஊர்ந்துகினே கீறேன் பியூலா,
ஒரு தபா பறக்கணும்."
காலடிப்பேட்டை ஷெட்டில்
என் டிபன் டப்பா மேல் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

டர்போ ஒரு டீசல் காரின் பிணத்திலிருந்து.
புதுப்பேட்டையில் வாயால் ஊதிச் சுழற்றினேன்,
உரசல் இல்லை, எடுத்துக்கொண்டேன்.
அழுத்தத்துக்கு இடம் விடப் பிஸ்டன் தலைகளைக்
குழித்துத் தந்தார் மாலகொண்டையா.
நாலையும் தராசில் வைத்தார்,
மூன்றாவது அரை கிராம் கூட என்று
தூங்காமல் திரும்பவும் லேத்தில் மாட்டினார்.

இந்த ஹெட்டில் ஒரு கோளாறு.
நாலு சிலிண்டர், காற்று வர இரண்டே வாசல்.
ஒன்றும் இரண்டும் ஒரு குழாயடி,
மூன்றும் நாலும் இன்னொன்று.
முந்திக்கொண்டவள் குடத்தை நிரப்பிக்கொள்வாள்,
அடுத்தவளுக்கு ஈரக் காற்று.
வண்ணாரப்பேட்டையில் பிறந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டாம்.
பொதுவில் கொட்டாமல்
ஒவ்வொரு வால்வும் திறக்கிற கணம் பார்த்து
அவளவள் பங்கை அவளவளுக்குப் பீய்ச்சினேன்.
கணம் பார்க்க, டிஸ்ட்ரிபியூட்டர் குழியில் ஒரு சென்சார்,
கிராங்க் முனையில் முப்பத்தாறில் ஒரு பல் குறைந்த சக்கரம்.
அந்தப் பொக்கை கடக்கும்போதுதான்
இன்ஜினுக்குத் தான் இருக்கும் இடம் தெரியும்.

முதல் கேஸ்கெட் டோல்கேட்டில் போனது.
இரண்டாவதும்
டோல்கேட்டில்தான்.

லேப்டாப்பில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம்.
வலப்பக்கம் போகப் போக வேகம், மேலே ஏற ஏற அழுத்தம்.
கட்டத்துக்கு ஓர் எண், இவ்வளவு பெட்ரோல்.
எண் சரியா என்று பார்க்க
வண்டி அந்தக் கட்டத்துக்குப் போயாக வேண்டும்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கே போவது?
முன்னால் கண்டெய்னர், பின்னால் கண்டெய்னர்,
இரவு இரண்டு மணிக்கும் பிரேக் விளக்குச் சிவப்பு.
ஆறு மாதம் இடது கீழ் மூலையிலேயே குடித்தனம்.
மேல் வலதில் நான் போட்டதெல்லாம் ஊகம்.

ஆவணியில் ட்ரெய்லர்காரர்கள் வேலைநிறுத்தம்.
மூன்றாம் நாள் இரவு எத்திராஜ் வந்தார்,
தாடி முளைத்திருந்தது.
பெட்ரோலுக்கு மைத்துனனிடம் கைமாற்று.
"ரோடு காலியா கீது. வா."

ஓரமாய் வரிசையாய் வண்டிகள்,
அச்சுகளுக்கு அடியில் ஸ்டவ் நீலம்.
அவர் ஓட்டினார், மடியில் லேப்டாப்புடன் நான்.
மூன்றாவது கியரில் டர்போ விழித்தது,
இத்தனை நாள் மூடியிருந்த கட்டங்கள்
ஒவ்வொன்றாய் வெளிச்சமாயின.
நாலாயிரத்து எண்ணூறு. சில்லறை குலுக்குவது போல் ஒரு சத்தம்,
பற்றவைப்பை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன்.
சத்தம் நின்றது.
இடப்பக்கம் கடல், கருங்கல், மறுபடி கடல்.
ஐயாயிரத்து நூறு.
இன்னும் ஒரே கட்டம்.

எர்ணாவூர் தாண்டி, அடுப்படியில் குந்தியிருந்தவர்கள்
தட்டோடு எழுந்து நின்று பார்த்தார்கள்.
அவர் காலை எடுத்துவிட்டார்.
"நம்ம பசங்கடி" என்றார்.
காற்று வெளியேறித் தும்மியது.

வியாழக்கிழமை பேச்சு முடிந்தது.
கேட்டதில் பாதி.

நேற்று ஹெரால்டை நான் ஓட்டிவந்தேன்,
முன்னால் எத்திராஜின் ட்ரெய்லர்.
கண்ணாடியில் என்னைப் பார்த்து
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
முந்திப் போ என்று ஆட்டினார்,
அரை மணி நேரமாக,
அவரும் நகராமல்.