நாலு மணி

புந்தா அரேனாஸில் நவம்பர் பிறந்தால்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
காற்று ஆளைத் தூக்கும் ஊர்.
கயிறு யாரையும் இழுப்பதில்லை.
வேண்டியவர் பிடித்துக்கொள்வார்,
வேண்டாதவர் சுவரோரம் குனிந்து நடப்பார்.

நொல்பெர்த்தோ பிடிக்காமல் வருகிறவர்.
நண்டுப் படகில் இருபத்தாறு வருடம்.
துறைமுக டாக்டர் சீட்டில் இரண்டே வரி:
தூக்கமில்லை.
ஆகஸ்டில் ஓர் இரவிலிருந்து.

முதல் வெள்ளிக்கிழமை அவர் என்னைப் பார்க்கவில்லை,
கதவைப் பார்த்தார், உள்ளிருந்து திறக்குமா என்று.
எழுந்துபோய் இரண்டு முறை திறந்து காட்டினேன்.
மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன்,
எது என்னுடையது என்று சொல்வதில்லை.
கதவோரத்து மர நாற்காலியை எடுத்துக்கொண்டார்.
முதுகு நோகும் நாற்காலி அது.
நோகட்டும் என்று விட்டேன்.

பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்றேன்.
ஓர் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் தாண்டும்,
அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு.
"அப்போ முழு ரகசியம் இல்லை."
"இல்லை."
அன்று அவர் சிரித்த ஒரே இடம் அதுதான்.

கோட்டைக் கழற்றியதே இல்லை.
டீசலும் ஈரக் கம்பளியுமாக அவர் வாசனை
அவர் போன பிறகும் அரைமணி உட்கார்ந்திருக்கும்.
நண்டு விலை பேசினோம்.
கூண்டுக்கு என்ன இரை, எத்தனை பாகம் ஆழம்.
பெண் நண்டைத் திருப்பிக் கடலில் போட வேண்டுமாம்.
அதைச் சொல்லும்போது குரல் தணிந்தது.
அந்த நூலைப் பிடித்து இழுத்திருக்கலாம்.
பயிற்சிக் காலத்தில் இழுத்திருப்பேன்.

படகை உடைத்து விற்றாயிற்று என்றார் ஒருநாள்.
என் ஜன்னலில் தெரிகிறது அந்தப் படகு.
தோன்யா ரொசால்பா. பச்சை விளிம்பு, துருவேறிய பெயர்.
தலையாட்டினேன்,
நம்பினேன் என்பதற்கல்ல,
காதில் விழுந்தது என்பதற்கு.

பதினோராம் வாரம் கொட்டாவி விட்டேன்.
எத்தனை படித்தும் வாய் திறந்துவிட்டது.
அவர் பார்த்தார்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
நேரமும் முடிந்துவிட்டது.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்ததும்.
போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.
கடைசியில் ஒரு வரி அனுப்பினேன்:
நாலு மணி உங்களுடையதாகவே இருக்கிறது.
ஹீட்டரை மூட்டி விளக்கைப் போட்டு
ஐம்பது நிமிடமும் காத்திருந்தேன்.
புண்ணியத்துக்கு அல்ல. கோபம் இருந்தது,
வாடகை ஞாபகமும் இருந்தது.
மர நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன்.
நிஜமாகவே முதுகு நோகிறது.
அங்கிருந்து பார்த்தால்
படகு நேர் எதிரே நிற்கிறது.

மூன்றாம் வெள்ளி வந்தார்.
கதவைக் காற்று அறைந்து சாத்தியது.
"அன்று கொட்டாவி விட்டேன்," என்றேன், அவர் உட்காரும் முன்பே.
"தூங்காத இரவு. உங்கள் பேச்சால் அல்ல.
ஆனாலும் உங்கள் நேரத்தில் விட்டேன். மன்னிக்க வேண்டும்."
கையுறையை மடித்தார், பிரித்தார், மடித்தார்.
"எதிர்க்கடை வாசலில் நின்றேன்," என்றார்.
"இரண்டு வாரமும். விளக்கு எரிந்தது."
பிறகு,
"படகு உங்களுக்குத் தெரியுமே."
"தெரியும்."
"ஏன் கேட்கவில்லை?"
ஏதோ சொன்னேன்.
நல்ல பதில் இல்லை, மறந்தும் விட்டது.

ஆகஸ்டில் அந்த இரவு என்ன நடந்தது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஏப்ரல் வந்துவிட்டது,
கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டிப் போய்விட்டார்கள்.
போன வாரம் கோட்டைக் கழற்றினார்.
கழற்றிவிட்டு எங்கே மாட்டுவது என்று
நாலு சுவரையும் பார்த்தார்.
ஏழு வருடமாக இருக்கிறேன் இந்த அறையில்,
கோட்டு மாட்ட ஓர் ஆணி இல்லை.
குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

நாளை வெள்ளி.
கீழே பூட்டுக்கடை மார்தினிச்சிடம்
சுத்தியல் இரவல் கேட்டிருக்கிறேன்.