முறைத் தண்ணீர்

மன்னார்குடியில், இரண்டாம் மாடியில்,
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னாள்
ரெஜினா என்கிற அந்தப் பெண்.
நெஞ்சு மயிரில் பாதியை மழித்து
குளிர்ந்த பசை தடவிப் பத்து ஒயர் ஒட்டினாள்.
இன்னும் ஓரடி வைக்கவில்லை,
திரையில் எண் எழுபத்து நாலிலிருந்து தொண்ணூறு.
"நடக்கப் போறோம்னு அதுக்குத் தெரியும்" என்றாள்.
மேட்டூர் திறக்குமுன்பே
மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிற ஆளைப் போல.

பெல்ட் நகர்ந்தது. முன்பக்கம் தூக்கியது.
நூற்றுக்குப் பத்து மேடு.
நான் பிறந்த தாலுக்காவில் அப்படி ஒன்று கிடையாது.
ஆற்றுக்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான்
எங்களுக்கு மலையேற்றம்.

என்ன வேலை என்று கேட்டாள்.
லஸ்கர் என்றேன். புரியவில்லை.
மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்குகிறவன்,
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
வருகிற தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறவன்.
"அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம்" என்று
கையில் பி.பி. பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:
இப்போது வயிற்றுக்குக் குறையும்,
சிறுநீரகத்துக்குக் குறையும்,
தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் திறந்துவிடும்,
தலைக்கு மட்டும் எப்போதும்போல அதே அளவு.

காலையில் தின்ற இரண்டு இட்லி
உள்ளே எங்கோ நின்றுபோயிருக்கும்.
மனு இல்லை.
குடல் எழுந்துபோய்க் கடைத்தெருவில்
மறியல் செய்யவில்லை.
இதே வேலைக்கு எங்களுக்கு
கலெக்டர் ஆபீஸில் மூன்று கூட்டம்,
ஆறுநாள் முறை, அதில் நாலுநாள் தகராறு.

இரண்டாம் கட்டம். நூற்று இருபத்தெட்டு.
மேல் அழுத்தம் ஏறுகிறது,
கீழ் அழுத்தம் இருந்த இடத்திலேயே.
அது நல்லதாம். தெரியும்.
போகிற வாய்க்காலெல்லாம் அகலத் திறந்திருந்தால்
தலைப்பில் எவ்வளவு வந்தாலும் கரை தாங்கும்.

ஒன்றுதான் பிடிபடவில்லை.
கீழே போன ரத்தம் எப்படி மேலே வருகிறது?
தண்ணீர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.
வந்தால் அது கடல், உப்பு.
அதைத் தடுக்கத்தான் கடைமடையில் அணை.
"அதே மாதிரி கதவு உங்க காலுலயும் இருக்கு."
ஒவ்வோர் அடிக்கும் கெண்டைச்சதை பிழிகிறது,
ரத்தம் ஒரு படி ஏறுகிறது, கதவு சாத்திக்கொள்கிறது.
அடுத்த அடி. அடுத்த கதவு.
ஐம்பத்து நாலு வருஷமாக
என் கால் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது,
எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல்.

மூன்றாம் கட்டம். பேச்சு நின்றது.
வியர்வை ஒயர் வழியாக இறங்கியது.
நூற்று முப்பத்தெட்டில்
ஆணியில் தொங்கிய சட்டைக்குள் போன் துடித்தது.
எடுக்காமலே தெரியும்,
இடும்பாவனம் வைரக்கண்ணு.
தலைப்புல ஓடுதுங்கிறீங்க,
எங்களுக்கு இன்னும் ஈரமே காணல.
நூற்று நாற்பத்தைந்து.
வேகத்தை அவள் கூட்டவில்லை, மேட்டையும் கூட்டவில்லை.
திரையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்,
எதையோ எழுதினாள்.

முடிந்தது என்றதும் நிற்கப் போனேன்.
"சட்டுனு நிக்காதீங்க! நடங்க, நடங்க."
நின்றால் ரத்தம் காலில் தேங்கிவிடும்,
தலைக்கு வராது, விழுந்துவிடுவேனாம்.
எனக்கா சொல்ல வேண்டும்.
ஓடுகிற தண்ணீரில் ஷட்டரை ஒரேயடியாக இறக்கியவன்
எந்தக் கரையை உடைத்தான் என்று
எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைலே இருக்கிறது.

முதல் நிமிடத்தில் இருபத்தாறு இறங்கியது.
நல்ல இறக்கம் என்றாள்.
மற்றதை டாக்டர் சொல்வார்.

பசையைத் துடைத்துச் சட்டை போட்டுக்கொண்டு
படியில் இறங்கிக்கொண்டே அவனை அழைத்தேன்.
"ராத்திரி ரெண்டு மரை ஏத்துறேன், வைரக்கண்ணு."
வரப்பில் நடந்தபடியே பேசினான்.
சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.
அதை எண்ணத் தொடங்கினேன்,
பதினேழில் பஸ் வந்துவிட்டது.