நின்ற காரணம்

எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப்
பள்ளி வரலாறு இரண்டு பக்கம் வேண்டும் என்றார்
தலைமையாசிரியை.
இளநிலை உதவியாளன் நான்.
சம்பளப் பட்டியலை ஓரமாய்த் தள்ளிவிட்டு
இரும்பு பீரோவைத் திறந்தேன்.

முதல் சேர்க்கைப் பதிவேடு,
கறையான் தின்றது போக மீதி.
மொட்டணம்புதூர் போர்டு ஸ்கூல், 1949.
பருத்தி அரைத்துக்கொண்டிருந்த கொட்டகையில்
முப்பத்தொரு பையன்கள், இரண்டு பெண்கள்.
பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று.
கேட்ட வாத்தியாருக்கு அப்பன்மார் சொன்னது
"பெரிய மழை பேஞ்ச வருசமுங்க"
என்பதாக இருந்திருக்கும்.

கடைசிக் கட்டம்: நின்ற காரணம்.
அதை மட்டும் படித்துக்கொண்டே போனேன்.

கவலை ஓட்ட ஆளில்லை.
ஆடு மேய்க்க.
கவலை ஓட்ட.
பெரியவளானாள்.
பெரியவளானாள்.
அம்மை.
பிறகு கையெழுத்து மாறுகிறது, மை நீலமாகிறது.
தறிக்கு. தறிக்கு. தறிக்கு.
ரிக் வண்டியோடு வடக்கே.
பனியன் கம்பெனி, கைமடிக்க.

1964-இல் ஓரிடத்தில்
"தனிப் பானையில் தண்ணீர் குடிக்க மறுத்து"
என்று எழுதி, அதை அடித்து,
மேலே "சொந்தக் காரணம்."
அடித்த கோடு மெல்லியது.
எழுதிய கை வேண்டுமென்றே அப்படி அடித்ததா,
தெரியவில்லை.
ம. திம்மன், எட்டாம் வகுப்பு.

விழாக் குழு கேட்டது வேறு.
டாக்டர்கள் எத்தனை பேர்,
மில் முதலாளிகள் எத்தனை பேர்,
சுற்றுச்சுவர் கட்டித் தந்தவர் படம் எந்தப் பக்கம்.
எழுதிக் கொடுத்தேன்.
மணி வழக்கத்தையும் எழுதினேன்:

பத்தாம் வகுப்பின் கடைசி நாள்
கடைசி மணியை அடிப்பது
முதல் மார்க் எடுத்த பிள்ளை அல்ல.
அந்த வருடம் அதிக நாள் தாமதமாய் வந்த பிள்ளை.
கோழி கூப்பிடக் கவலை ஓட்டிவிட்டு
சேற்றுக் காலோடு வாசலில் நின்ற காளியண்ணன்
நூற்றுப் பதினாறு நாள் பிரம்படி வாங்கிய வருடம்
ஹெட்மாஸ்டர் நோட்டில் ஒரு வரி:
"முதல் மணியை ஒருநாளும் கேளாதவன்.
கடைசி மணியையாவது அவனே அடிக்கட்டும்."
பிரம்பும் அவருடையதுதான் என்பது
மலரில் வராது.

இந்த வருடம் சபிதா நாயக்.
தாய்மொழிக் கட்டத்தில் ஒடியா.
அம்மாவுக்கு நைட் ஷிப்ட்,
தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான்
ஓடி வருவாள்.
"லேட்டாயிருச்சுங்க சார்."
அந்த 'ங்க'வில் ஒரிசா இல்லை.

வேம்பில் தொங்குவது தண்டவாளத் துண்டு.
எங்கிருந்து வந்தது என்று எந்த நோட்டிலும் இல்லை.
இந்த ஊருக்கு ரயில் வந்ததே கிடையாது.

கம்பியை வாங்கி
இரண்டு கையாலும் ஓங்கினாள்.
பன்னிரண்டு அடிதான் கணக்கு.
பதின்மூன்று.
பதினான்கு.
சோளக்காட்டில் மயில்கள் கத்த ஆரம்பித்தன.
வாட்ச்மேன் போதும் என்று கைகாட்டினார்.
மலருக்குப் படம் எடுக்க வந்தவர்
கேமராவை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

அவள் நிற்கவில்லை.