இசட்டுக்குப் பின்னால்

பார்னு வளைகுடா உறைந்து கிடக்கிறது.
மீனுக்காகப் பனியில் துளையிடும் ஓசை
எங்கள் நூலகத்தின் பின்னறைவரை கேட்கும்.
அங்கே நான், ஒரு கணினி, ஒரு கெட்டில்.

வேலை எளியது.
இரவல் பட்டியலில் ஒரு பெயர்,
முகவரிப் பட்டியலில் ஒரு பெயர்,
இரண்டும் ஒன்றா என்று பார்.
ஒன்றுதான், நாளும் கடந்துவிட்டது என்றால்
கடிதம் அச்சிடு.

அதற்கு நான் எழுதிய வரி விரற்கடை நீளம்.
முதலில் ஒரு கூரைக்குறி: இங்கே தொடங்கு.
அடுத்து ஒரு சதுர அடைப்பு,
அதற்குள் ஏ, ஒரு சிறு கோடு, இசட்.
ஏ முதல் இசட் வரை
எவர் வந்தாலும் கதவைத் திற.

(அதே கூரையை அடைப்புக்குள் வைத்தால்
"இவர்களைத் தவிர" என்றாகிவிடும்.
வாசலில் வரவேற்ற குறி
வீட்டுக்குள் போனதும் ஆளை விலக்கும்.
அந்தத் தவறை நான் செய்யவில்லை.
நான் செய்தது வேறு.)

ஜனவரியில் வீரே டூலிக் வந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே
மேசைமேல் புத்தகத்தை வைத்தாள்:
காளான்கள், வண்ணப் படங்களுடன்.
மூன்று ஆண்டு, நான்கு மாதம் தாமதம்.

"ஏன் ஒரு கடிதம்கூட வரவில்லை?"
மன்னிப்பு இல்லை, புகார்.
"மின்கட்டணம் வருகிறது.
மெத்தைத் தள்ளுபடி விளம்பரம் வருகிறது.
பக்கத்து வீட்டு லெம்பித் காஸ்குக்கு
ஒன்பது நாள் தாமதத்துக்கே
உங்கள் கடிதம் வந்தது.
நான் உங்கள் கணக்கில்
இருக்கிறேனா, இல்லையா?"

இருந்தாள். இரண்டு பட்டியலிலும் இருந்தாள்.
டி, யு, யு, எல், ஐ, கே.
எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன்,
மயிரிழை வேறுபாடில்லை.

அன்றிரவு தேநீர் ஆறிப்போனது.
கிவிக்குக் கடிதம் போயிருந்தது. லெப்புக்கு,
ராண்டுக்கு, சாருக்குப் போயிருந்தது.
டாமிலிருந்து ஒருவருக்கும் இல்லை.
ஊஸ், வாஹர்,
தலையில் அலை சுமந்த ஓவில் தொடங்கும் ஓவுனாபூ,
ஊரின் வால்பகுதி முழுக்க
அபராதமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தது.

பழைய கணினிக்கு எங்கள் மொழி தெரியாது.
அயலார் வரிசையில் எண்ணும், அதில் இசட் கடைசி.
புதியது வந்த அன்று
பெருமையாக அதற்கு
எஸ்தோனியம் அமைத்தது நான்தான்.
கேக் வெட்டினோம்.

எங்கள் வரிசையில் இசட்
எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது.
எங்கள் பெயர்களில் அநேகமாய்த் தலைகாட்டாத
விருந்தாளி.
அந்த விருந்தாளிவரை எண்ணிவிட்டு
நின்றுவிட்டது இயந்திரம்.
எங்கள் மொழியைக் கற்ற நாளில்தான்
எங்களில் இத்தனை பேரை அது விட்டது.
சொன்னபடிதான் செய்தது.
"வரை" என்றால் எந்த ஊர்க் கணக்கு என்று
நான் யோசிக்கவில்லை.

கோட்டை அழித்தேன்.
ஏயையும் இசட்டையும் வீட்டுக்கு அனுப்பினேன்.
அடைப்புக்குள் ஒரு வகுப்பின் பெயரை மட்டும் விட்டேன்:
எழுத்தாக இருப்பது எதுவும்.

ஓவுனாபூ அப்போதும் பொருந்தவில்லை.
ஒரு பட்டியலில் ஓவும் அலையும் ஒரே உயிர்.
மறு பட்டியலில் ஓ தனி,
அலை தனியாக வந்து மேலே ஒட்டியது.
கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.
அதற்கு இன்னோர் இரவு போனது.

மறுவாரம் அச்சுப்பொறி
நானூற்றுப் பன்னிரண்டு கடிதம் கக்கியது.
இயக்குநர் ரேலிகா ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து
"பிழை நம்முடையது என்று ஒரு வரி சேர்" என்றாள்.
அபராதம் தள்ளுபடி என்றும் சேர்த்தோம்.

டூலிக் தள்ளுபடியை ஏற்கவில்லை.
நான்கு யூரோ இருபது சென்ட்,
நாணயங்களாக எண்ணி வைத்தாள்.
ரசீதில் தன் பெயரைத்
தொடக்கத்திலிருந்து படித்தாள்.
பிறகு பாசிகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தாள்.
மார்ச் பதினேழுக்குள் தர வேண்டும் என்றேன்.
தெரியும் என்றாள்.

இன்று மார்ச் இருபத்தாறு.
வளைகுடாவில் பனி விரிசல் விடுகிறது,
துளையிடுபவர்கள் கரையேறிவிட்டார்கள்.
மேசையில் ஒன்பது உறைகள்.
எட்டாவது, டூலிக்.
வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.
தபால்தலையை
நேராகப் பார்த்து ஒட்டினேன்.