வகை என்றொரு கட்டம்

வாலிநோக்கம் கடலோரக் காவல் சாவடி.
பதிவேட்டில் 'வகை' என்றொரு கட்டம்.
"கேமராதானே?" என்றார் ஏட்டு பூமிநாதன்.

கேமராதான்.
மடங்கினால் ஃபீல்டு.
ஒற்றைத் தண்டில் துருத்தி ஓடினால் மோனோரயில்.
கையில் ஏந்திச் சுட்டால் பிரஸ்
(சுடுவது என்றதும் பேனா நின்றது;
படம், படம்தான் என்றேன்).
நாலுக்கு ஐந்து அங்குலத் தாள்பிலிம்,
எட்டுக்குப் பத்தும் உண்டு, என் முதுகுக்கு ஆகாது.
இது மரம். மடங்கும்.
ஆனால் முன்பலகை சாயும், எழும்பும்,
அந்தக் கணக்கில்...

"ஒண்ணு சொல்லுங்க."

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கச் சொன்னேன்.
தேய்த்த கண்ணாடியில்
மேலே கடல், கீழே வானம்,
சக்கரம் மேலாக ஓர் உப்பு லாரி.
வெளியே வந்தவர்
தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கட்டத்தில் எழுதினார்:
மரப்பெட்டி, ஒன்று.
கொஞ்சம் யோசித்து
'காலி' என்று சேர்த்தார்.